ஸ்பிரிட்டுக்குப் பத்வா, தின்னருக்குப் பாராட்டா?



மாப்பொருள் சோதனைக்கு இலையை ஸ்பிரிட்டில் அவித்தால் "இது ஹராம் இல்லையா சேர்?" என்று கேட்கிறோம். கேட்பது நல்லதுதான். ஆனால் விஞ்ஞானக் கண்காட்சிக்கென்று பிள்ளை குசினிக்குள் தின்னரிலும் பெற்றோலிலும் இலைச்சாறு எடுத்தால், "மாஷா அல்லாஹ், கெட்டிக்காரன்" என்று போட்டோ போடுகிறோம்!

ஆய்வுகூட ஸ்பிரிட் குடிப்பதற்கல்ல. பச்சையம் தண்ணீரில் கரையாது, மதுசாரத்தில் கரையும். அதற்காகத்தான் அது. அதையும் நெருப்பில் நேரே வைப்பதில்லை. 78 பாகையில் கொதிப்பது, சுடுநீருக்குள் வைத்தாலே கொதிக்கும். பண்டாரவளையில் தண்ணீர் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதிக்கிறது. அந்தச் சூடே தாராளம்.

பெற்றோல் அப்படியா? அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு ஊர்ந்து அடுப்பைத் தேடிப் போகும். நாமோ குளிருக்கு யன்னலையும் சாத்திவிட்டு இருக்கிறோம். தின்னர் டின்னுக்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்று நம்மில் எவருக்குத் தெரியும்?

வீட்டுக்குத் தண்ணீரும் தேங்காயெண்ணெயும் போதும். நாம் தினமும் குடிக்கும் தேத்தண்ணீரே சுடுநீரில் எடுத்த சாறுதான். மஞ்சளின் நிறம் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாக இறங்கும் என்பது நம் உம்மாமாருக்குத் தெரியும். செவ்வரத்தம்பூவைச் சுடுநீரில் ஊறவையுங்கள். தேசிக்காய்ச் சாறு விட்டால் சிவக்கும், சவர்க்காரத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். இதுவும் இரசாயனம்தான்.

பெரிய பெயருள்ள இரசாயனத்துக்கே புள்ளி போட்டுப் பழக்கியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள். குற்றம் எங்களிலும் உண்டு. இனி "என்ன எடுத்தாய்?" என்பதற்கு முன் "எதில் எடுத்தாய், ஏன்?" என்று கேட்போம். பதில் இல்லையென்றால் பரிசும் இல்லை.