பேக் கம்ப்ரஷன்னா உடனே இன்ஜினை இறக்கிடணுமா?

டிஸ்கி: கொஞ்சம் கோவத்துல எழுதுன பதிவு. மெக்கானிக் அண்ணன்மாரு யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா, முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க. :-)

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா பாலசமுத்திரம். பழனிக்குப் பக்கத்துல, மலை அடிவாரம். பொட்டி தட்டுற வேலைக்கு மூணு நாள் லீவு போட்டு, அம்மா கையால சாப்பிட்டுத் தூங்கலாம்னு போனவனை வாசல்லயே மடக்கிட்டாரு மாமா.

"மாப்ள, நீ இன்ஜினியர் தான? வந்து இந்த வண்டிக்கு என்னான்னு பாரு."

படிச்சது மெக்கானிக்கல், பாக்குறது சாஃப்ட்வேர். ஊர்ல எல்லாம் ஒண்ணுதான்.

மாமாகிட்ட ஒரு டர்போ டீசல் பிக்கப் இருக்கு. கொடைக்கானல் மலையிலேர்ந்து கேரட்டும் பூண்டும் இறக்குறதுதான் பொழப்பு. ரெண்டு மாசம் முன்னாடி அத்தை நகையை அடகு வெச்சு ஃபுல் இன்ஜின் வேலை பாத்தாரு. ரீபோர், புது பிஸ்டன், புது ரிங், ஹெட் வேலை எல்லாம். ஆயிரம் கிலோமீட்டர் கூட ஓடல. ப்ரீதர் குழாயில குபுகுபுன்னு புகை. ஆயில் மூடியைக் கழட்டி அப்படியே மேல வெச்சா டான்ஸ் ஆடுது. டர்போவுக்குப் போற ஹோஸ் பூரா ஆயில்.

பட்டறையில மூடியைத் தொறந்து பாத்து அரை நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிட்டாங்க. "பேக் கம்ப்ரஷன் அடிக்குது. ரிங் உக்காரல. மறுபடி இறக்கணும்." அதுவரைக்கும்? ப்ரீதர் குழாயைக் கழட்டி ரோட்டைப் பாத்துத் தொங்க விட்டாச்சு.

இந்த அரை நிமிஷத் தீர்ப்பு மேலதான் எனக்குக் கோவம்.

மூடி ஆடுதுன்னா என்ன அர்த்தம்? இன்ஜினோட அடி வயித்துல காத்து அழுத்தம் இருக்குன்னு அர்த்தம். அவ்ளோதான். அந்தக் காத்து எங்கேர்ந்து வருதுன்னு மூடி சொல்லாது. ரிங்கைத் தாண்டி வரலாம், சரி. கொஞ்சம் வரத்தான் செய்யும், எந்த இன்ஜினும் இதுக்கு விலக்கு இல்ல. டர்போன்னா சிலிண்டர்ல அழுத்தம் ஜாஸ்தி, அதனால இன்னும் கொஞ்சம் கூட வரும். ஆனா ரிங் மட்டும்தான் வழியா?

டர்போவை எடுத்துக்குங்க. அதோட தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துற ஐட்டம். அதுல ரப்பர் சீல் கிடையாது, சின்ன சின்ன ரிங்தான். ஆயில் ப்ரெஷரோட உள்ள போகுது, வெளிய வர்றப்போ தானா வழிஞ்சுதான் சம்புக்கு வந்தாகணும். தண்டும் ரிங்கும் தேஞ்சிருந்தா டர்போக் காத்தே அந்த வடிகால் குழாய் வழியா அடி வயித்துக்கு வந்துரும். இன்ஜினை மாட்டுறப்போ அந்தக் குழாய் வாயில சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளி அப்பி அடைச்சுட்டா, ஆயில் வடிய முடியாம காத்துப் பக்கம் கக்கும். உடனே "டர்போ போச்சு"ன்னு இன்னொரு பில்லு.

மூணாவது வழி ஒண்ணு இருக்கு, அதை யாருமே யோசிக்கிறதில்ல. இந்த மாதிரி டீசல் வண்டிகள்ல பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் குடுக்க ஆல்டர்னேட்டர் பின்னாடி ஒரு பம்ப் இருக்கும். அது உறிஞ்சுற காத்து, ஆயிலோட சேந்து எங்க போகும்? இன்ஜினுக்குள்ளதான். பூஸ்டர் லைன்ல எங்கயாச்சும் ஓட்டை இருந்தா, பம்ப் ஓயாம வெளிக்காத்தை இழுத்து இன்ஜினுக்குள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். பாக்குறதுக்கு அச்சு அசல் பேக் கம்ப்ரஷன்!

நாங்க செஞ்சது இதுதான். வண்டியை சமதளத்துல நிறுத்தி, டயருக்குக் கல்லு வெச்சு, ஐடில்ல ஓட விட்டோம். பம்ப்புலேர்ந்து போற வாக்குவம் ஹோஸைக் கழட்டிப் பம்ப் வாயை அடைச்சேன். மூடியோட ஆட்டம் பாதிக்கு மேல அடங்கிருச்சு. ஹோஸை எடுத்துப் பாத்தா, கிளிப்புக்கு அடியில காஞ்சு வெடிச்சிருக்கு. பழைய ரப்பர். இன்ஜின் இறக்குறப்போ பிடுங்கி, ஏத்துறப்போ திருகி மாட்டுனதுல கிழிஞ்சிருக்கணும்.

அப்பதான் மாமா சொல்றாரு, "ஆமா மாப்ள, வண்டி வந்ததுலேர்ந்து பிரேக் கொஞ்சம் கனமாத்தான் இருந்துச்சு. சொன்னேன், பழகிரும்னாங்க."

எனக்கு ஒரு நிமிஷம் வயித்தக் கலக்கிருச்சு. பழனி - கொடைக்கானல் மலைப்பாதை அறுபது கிலோமீட்டருக்கு மேல. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்தை விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, அதனால நல்ல பூஸ்டரே அந்த அளவுக்கு பலம் கொறஞ்சுதான் வேலை செய்யும். அதுலயும் ஓட்டை ஹோஸ். பின்னாடி கேரட் மூட்டை. இன்ஜினை மறுபடி இறக்கி, புது ரிங் போட்டு, அதே ஹோஸைத் திரும்ப மாட்டியிருந்தா?

ப்ரீதரைத் தொங்க விட்டதுல ஒரு நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆயில் புகை காத்தோட சேந்து டீசல் இன்ஜினுக்குள்ள அளவுக்கு மீறிப் போனா அதையே எரிபொருளா எரிச்சு ஓட ஆரம்பிச்சுரும், சாவியை ஆஃப் பண்ணாலும் நிக்காது. ஆனா அது முதலுதவி. அதைப் பண்ணிட்டு நோயைத் தேடணுமில்ல?

இன்னொரு வயித்தெரிச்சல். "நாப்பதைத் தாண்டாதீங்க, காலி வண்டியா ஓட்டுங்க"ன்னு சொன்னதை நம்பி மாமா தினம் காலையில வாசல்ல அரை மணி நேரம் ஐடில்ல உறும விட்டிருக்காரு. ரிங்கை சிலிண்டர் சுவத்தோட அழுத்துறது எரியுற வாயுவோட அழுத்தம்தான். லோடே இல்லாம ஓட்டுனா ரிங் படியாது, ஹோனிங் கோடெல்லாம் மழுங்கி சுவரு கண்ணாடி ஆயிரும். அப்புறம் நிஜமாவே இறக்கத்தான் வேணும். முழு மிதி மிதிக்க வேணாம். ஆனா அரை லோடோட, ஏத்தியும் எறக்கியும் ஓட்டுங்க. அதுக்குத்தான முருகன் வாசல்லயே மலையை வெச்சிருக்கான்.

முதல்ல ப்ரீதர் அடைப்பு, அப்புறம் வாக்குவம் லைன், அப்புறம் டர்போ வடிகால். இதெல்லாம் சுத்தமா இருந்தா, சிலிண்டர் சிலிண்டரா பிஸ்டனை மேல நிறுத்திக் காத்து ஏத்தி, எங்க கசியுதுன்னு காது குடுத்துக் கேளுங்க. ஆயில் மூடியில சத்தம் வந்தா ரிங், சைலன்சர்ல வந்தா வால்வு, ரேடியேட்டர்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கெட். ரிங்னு நிரூபணமானா தாராளமா இறக்குங்க, நானே ஸ்பேனர் எடுத்துத் தர்றேன்.

அந்த ஹோஸை எடுத்துக்கிட்டுப் பட்டறைக்குப் போனேன். அண்ணன் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கோவப்படல. "இதைத் தேடுறதுக்கு யாரு தம்பி காசு தர்றா? பிரிச்சாத்தான் கூலி"ன்னாரு.

பதில் சொல்ல முடியல. ஏன்னா அது உண்மை. ஒரு மணி நேரம் பாத்துட்டு "ஒண்ணுமில்ல, ஹோஸ்தான், ஐநூறு குடுங்க"ன்னு சொன்னா, சும்மா பாத்ததுக்கு ஐநூறான்னு சண்டைக்குப் போவோம். அதே ஆளு இன்ஜினைப் பிரிச்சு தரையில பரப்பி வெச்சா, நகையை வெச்சாவது குடுப்போம். நம்ம பொழப்பு மட்டும் என்ன வாழுதாம்? பக் எங்கன்னு தேட ரெண்டு நாள் கேட்டா மூஞ்சியைச் சுளிக்கிற மேனேஜரு, முழுசா திருப்பி எழுதறேன்னா ஆறு மாசம் குடுக்கறாரு.

அதனால மக்களே, அடுத்த தடவை பட்டறைக்குப் போனா முதல்ல இதைச் சொல்லுங்க: "அண்ணே, பிரிக்காதீங்க. எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிங்க. அதுக்குத் தனியா காசு தர்றேன்." சொன்னா மட்டும் போதாது, குடுக்கவும் குடுங்க. அன்னிக்கு மாமா ஐநூறை எடுத்து நீட்டுனப்போ அண்ணன் வாங்கல. புது ஹோஸுக்கு மட்டும் காசு வாங்கிட்டு, அவரே மாட்டி விட்டாரு.