பெயரிட்டுப் பொருள் பெறுதல்

கொல்கத்தாவை அடுத்த பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம், பேராசிரியர் மகலனோபிஸ் அவர்களால் 1931-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. எச்.இ.சி.-2எம் என்னும் மின்னணுக் கணிப்பொறி அங்கு 1956-இல் இயங்கத் தொடங்கிற்று. அதன் நினைவகம் சுழலும் காந்த உருளையாகும். பதிந்த எண்ணை மீளப் பெற, அது உருளையில் இருக்கும் இடத்தின் எண்ணைக் குறித்தல் வேண்டும்.

இன்று அத்தொல்லை இல்லை. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இஹாகா, ஜென்டில்மன் ஆகிய இருவர் 1990-களில் ஆக்கிய ‘ஆர்’ மொழியில், நாம் இட்ட பெயரே பொருளின் முகவரி. ஆயினும், வசதி பெருகிய இடத்தில் விழிப்புக் குறைதல் இயல்பன்றோ?

மாவட்டந்தோறும் தனித்தனி அட்டவணை அமைத்து, அவற்றின் பெயர்களை ஒட்டிச் சேர்த்து, ‘கெட்’ என்னும் கட்டளையால் அழைப்பது பலருடைய வழக்கம். இக்கட்டளை, கேட்ட பெயர் தன் சூழலில் இல்லையெனில் வெளிச் சூழல்களிலும் தேடும். சென்ற ஆண்டுக் கணக்கில் அதே பெயர் எஞ்சியிருப்பின், அதனையே எடுத்துத் தரும். விடை கிடைக்கும், பிழை புலப்படாது.

ஆதலின், எல்லா அட்டவணைகளையும் ஒரே பட்டியலுள் வைத்து, அதனுள் பெயரால் அழைப்பதே நன்று என்பது என் கருத்து. அங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். டாலர்க் குறியிட்டு அழைத்தால் பெயரின் முற்பகுதியே போதுமானதாகிவிடும். பட்டியலில் ‘வடக்கு 24 பர்கனா’ மட்டும் இருக்கும்வரை, ‘வடக்கு’ என்றாலே அது வந்து நிற்கும். ‘வடக்கு தினாஜ்பூர்’ சேர்ந்தவுடன் வெறுமையே விடையாகும். முழுப் பெயரை மேற்கோளுக்குள் எழுதி, இரட்டைச் சதுர அடைப்புக்குள் இடுக. அங்கும் இல்லாத பெயருக்கு வெறுமையே வரும். எனவே பெயர் உண்டா என முன்னரே சரிபார்த்தல் நலம்.

இது கணிப்பொறியாளர் கவலை மட்டுமன்று. பர்த்வான், பர்த்தமான் என ஒரே ஊரை இருவர் இருவகையாக எழுதினால், கணிப்பொறிக்கு அவை இரண்டு ஊர்கள். அம்மாவட்டமோ 2017-இல் கிழக்கு, மேற்கு என இரண்டாயிற்று. பழைய பெயரில் எழுதிய படிவம் எப்பகுதிக்கு உரியது என்பதை எக்கட்டளையும் கூறாது. களத்தில் நின்று எழுதியவரே அறிவார்.

ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பதை மொழிபெயர்ப்பாளனாகிய யான் நாள்தோறும் போற்ற வேண்டியவன். களப்பணியாளர் படிவத்திலும் ஆசிரியர் வகுப்பிலும் அதே ஒழுங்கைப் பேணுவாராயின், கணக்கின் பாதிப் பிழைகள் கணிப்பொறியை அடையுமுன்னரே ஒழியும்.