மைசெல்ஃப் படுத்தும் பாடு

கைலாசபுரம் பெல் டவுன்ஷிப்பில் மாமனார் குவார்ட்டர்ஸ். ஞாயிற்றுக்கிழமை. வாசலில் உட்கார்ந்து வடையோடு நிம்மதியாக இருந்தேன். எதிர்வீட்டுப் பையன் வந்து நின்றான். பி.காம். மறுநாள் இன்டர்வியூ. இது நாலாவது. முந்தைய மூன்றும் ஊற்றிக்கொண்டதில் முகம் வாடிக் கிடந்தது.

"அண்ணா, நீங்கதான் பத்திரிகையில எல்லாம் எழுதறீங்களே... ஒரு ரிகர்சல் பாத்துடுங்களேன்!"

நான் சேர்மன் மாதிரி நிமிர்ந்து, "டெல் அஸ் அபௌட் யுவர்செல்ஃப்" என்றேன்.

"மைசெல்ஃப் சுரேஷ்..."

வடை தொண்டையில் நின்றது. என் முதல் இன்டர்வியூவில் நானும் இதையேதான் சொன்னேன். எதிரே இருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் தெரிந்த டெபிட், கிரெடிட்டைக்கூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். வேலை போனது மைசெல்ஃபால் இல்லை சார், மௌனத்தால்!

தப்பு எங்கே வருகிறது? தமிழில் 'நான் சுரேஷ்' என்றால் வாக்கியம் முடிந்தது. வினைச்சொல்லே வேண்டாம். 'ஐ சுரேஷ்' என்றால் பல் விழுந்த மாதிரி இருக்கிறது. அந்த ஓட்டையில் 'ஆம்' வைக்க வேண்டியவர்கள், கேள்வியில் காதில் விழுந்த செல்ஃபை எடுத்து அடைத்துவிடுகிறோம்.

"உங்கப்பாவுக்கு எங்கே வேலை?"

"பெல்லுல. பாய்லர்."

"அப்ப சுலபம். பவர் ஹவுஸ்ல பாய்லர் தண்ணி ஆவியாப் போய், டர்பைனைச் சுத்திட்டு, குளிர்ந்து மறுபடி பாய்லருக்கே வருதில்ல? மைசெல்ஃபும் அப்படித்தான். ஐ-ல கிளம்பி ஐ-க்கே திரும்பணும். 'ஐ கட் மைசெல்ஃப்.' வெட்டினவனும் நான், வெட்டுப்பட்டவனும் நான். கிளம்பவே இல்லேன்னா எதுடா திரும்பும்?"

பையன் விழித்தான். தமிழிலேயே ஒரு டெஸ்ட் கொடுத்தேன். 'நானே' அல்லது 'என்னை நானே' பொருந்தினால் மைசெல்ஃப். 'நானே டைப் அடித்தேன்'... 'ஐ டைப்டு இட் மைசெல்ஃப்.' சரி. 'நானே சுரேஷ்!' என்று சொல்லிப் பார். தெருக்கூத்தில் அசுரன் குதிக்கிற மாதிரி இல்லை?

ஆபீஸ் கடிதத்துக்கும் இதே டெஸ்ட்தான். 'ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்' வேண்டாம், 'மீ' போதும். 'மைசெல்ஃப் அண்ட் மேனேஜர்' வேண்டாம், 'தி மேனேஜர் அண்ட் ஐ.'

ஒரே ஒரு இடத்தில் தமிழ் காலை வாரும். இரண்டு பேர் 'அடித்துக்கொண்டார்கள்' என்பதை 'பீட் தெம்செல்வ்ஸ்' என்று எழுதினால், அவனவன் தன்னைத்தானே அறைந்துகொண்டான் என்று அர்த்தம்! சண்டை என்றால் 'ஈச் அதர்.'

"இவ்வளவு சொன்னேன். நாளைக்குப் பதட்டத்துல மைசெல்ஃப்னே வந்துட்டாலும் பரவாயில்லை. சிரிச்சா சிரிக்கட்டும். நீ மட்டும் பேச்சை நிறுத்தாதே!"

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. உற்சாகமான குரல்.

"ஐ ஆம் சுரேஷ்னே ஆரம்பிச்சேண்ணா! கடைசி வரைக்கும் நிறுத்தாம பேசிட்டேன். அசந்துட்டாங்க. 'ஹூ டாட் யூ இங்கிலீஷ்?'னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஐ டாட் மைசெல்ஃப்!"

கிராமர் நூற்றுக்கு நூறு சரி. நன்றிதான் இல்லை!