மோப்ப நாயை அதன் வேலையைச் செய்ய விடுவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாசித்து முடித்த பிறகு திட்டுவதென்றால் திட்டுங்கள்.

ஐஸ் எங்கள் பிள்ளைகளின் வயது வரைக்கும் இறங்கி வந்துவிட்டது என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். பள்ளிவாசல் கூட்டத்திலும் பேசுகிறோம், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் பேசுகிறோம், தேநீர்க் கடையிலும் பேசுகிறோம். ஆனால் பொலிஸார் மோப்ப நாயோடு வந்து இறங்கினால் பேச்சு மாறிவிடுகிறது. ஒரு பக்கம் "நாயைப் பாடசாலைக்குள் விடுவதா?" என்ற சத்தம். மறுபக்கம் எல்லோர் கையிலும் போன், வீடியோ. நடுவில் நாய் எதைச் செய்வது என்று தெரியாமல் நிற்கிறது.

நாம் சொல்ல வருவது ஒன்றுதான். மோப்ப நாயின் வேலை அதன் மூக்கோடு முடிவதில்லை. கயிற்றைப் பிடித்திருப்பவரும் சுற்றி நிற்கும் நாமும் சரியாக நடந்தால்தான் அந்த மூக்கால் பயன்.

முதலில் மார்க்க விடயம். எம்மில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். நாயின் எச்சில் நஜீஸ், பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும் என்று சின்ன வயதிலேயே படித்தோம். காய்ந்தது காய்ந்ததில் பட்டால் நஜீஸ் ஒட்டாது என்பதையும் அதே பாடத்தில்தான் படித்தோம். அது மட்டும் எமக்கு மறந்துவிட்டது. பயிற்றப்பட்ட வேட்டை நாய் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்று சூரா அல்மாஇதாவின் 4ஆவது வசனம் அனுமதிக்கிறது. அப்படியானால் தேவைக்காகப் பயிற்றப்பட்ட நாயைக் கண்டு ஊரே கொதிக்க வேண்டியதில்லை. கழுவ வேண்டியதைக் கழுவிக்கொள்ளலாம்.

ஆனால் கொதிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நடந்த தேடுதல்கள் எங்கள் மனதில் விட்டுச் சென்ற காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. நாய் வந்தாலே "எங்களை அவமானப்படுத்த வந்திருக்கிறார்கள்" என்று மனம் சொல்கிறது. பொலிஸார் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது நாய் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இலங்கைப் பொலிஸின் நாய்கள் பிரிவு 1948இல் தொடங்கியது. தலைமையகம் கண்டி, அஸ்கிரியவில் இருக்கிறது. நாயும் அதைக் கையாளும் உத்தியோகத்தரும் ஒரு சோடியாகவே பழகுகிறார்கள். "நாய்க்குப் போதைப்பொருளைக் கொடுத்து அடிமையாக்கித்தான் பழக்குகிறார்கள்" என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. அது பொய். குறித்த மணத்தைக் கண்டுபிடித்தால் பந்தோ தீனோ கிடைக்கும் என்று நாய் பழகியிருக்கிறது. அதற்கு இது ஒரு விளையாட்டு. பந்தைத் தருபவர் அந்த உத்தியோகத்தர் என்பதால் நாய் அவரது முகத்தையும் நடையையும் கயிற்றின் இழுப்பையும் கவனித்துக்கொண்டே இருக்கும்.

சிக்கலும் இதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற 18 நாய்களும் அவற்றைக் கையாள்பவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். இடம் ஒரு தேவாலயக் கட்டடத்தின் நான்கு அறைகள். சிவப்புத் தாள் ஒட்டியிருந்தால் அங்கே பொருள் வைக்கப்பட்டிருக்கிறது என்று கையாள்பவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் எந்த அறையிலும் எதுவுமே வைக்கப்படவில்லை. அப்படியிருந்தும் 200க்கும் அதிகமான தடவைகள் "நாய் காட்டிவிட்டது" என்றார்கள். அதிலும் சிவப்புத் தாள் இருந்த இடங்களில்தான் அதிகம்.

இதை எங்கள் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். "அந்த வீட்டுப் பொடியன்தான்" என்று வாசலிலேயே உத்தியோகத்தரின் காதில் ஒருவர் போட்டுவிட்டால், அந்தப் பொடியனின் முதுகில் சிவப்புத் தாள் ஒட்டியாகிவிட்டது. அதன் பிறகு தேடுவது நாயின் மூக்கா, எங்கள் வாயா?

இன்னொன்றும் உண்டு. முன்பு பொருள் இருந்து, பிறகு எடுக்கப்பட்ட பையிலும் மணம் தங்கும். நாய் மணத்தைத்தான் காட்டும், குற்றவாளியைக் காட்டாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி 5 கிராம் ஐஸுக்கே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ வரலாம். இவ்வளவு பாரதூரமான விடயத்தில், நாய் ஒரு பையின் பக்கத்தில் உட்கார்ந்ததை வைத்து ஒரு பிள்ளைக்குப் பெயர் சூட்டிவிட முடியாது. பொருள் கைப்பற்றப்பட வேண்டும், அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வர வேண்டும், நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும்.

பொலிஸாரிடம் எமது வேண்டுகோள்:

1. பாடசாலைக்கு வரும்போது அதிபருக்கு அறிவித்துவிட்டு வாருங்கள். நாளை எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை. முறையை முன்கூட்டியே பேசி வைத்தால் போதும்.

2. பிள்ளைகளை வெளியே நிறுத்தி, பைகளை வரிசையாக வைத்துச் சோதியுங்கள். நாயைப் பிள்ளைகள் மீது விட வேண்டாம். பயந்து ஓடும் பிள்ளை குற்றவாளி அல்ல.

3. காலையிலேயே வாருங்கள். உச்சி வெயிலில் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மோப்பம் குறையும். நிழலும் தண்ணீரும் ஓய்வும் கொடுங்கள்.

4. பள்ளிவாசலிலோ வீட்டிலோ தொழும் இடத்தைச் சோதிக்க வேண்டி வந்தால் நிர்வாகத்தோடு அல்லது வீட்டாரோடு பேசிச் செய்யுங்கள்.

எமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியவை:

1. நாய்க்குப் பக்கத்தில் கூட்டம் கூட வேண்டாம். கூப்பிடவோ, தீன் போடவோ, கல்லெறியவோ வேண்டாம்.

2. வீடியோ எடுத்து வட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம். நாளை அந்தப் பிள்ளை நிரபராதி என்று தெரிந்தாலும் அந்த வீடியோ அழியாது.

3. தகவல் இருந்தால் முன்கூட்டியே உரிய அதிகாரியிடம் கொடுங்கள். நாய் வந்த பிறகு விரலை நீட்ட வேண்டாம்.

4. எங்கள் பிள்ளையின் பையில் அகப்பட்டால் "பொலிஸ் வைத்தது" என்று உடனே கத்தவும் வேண்டாம், "என் பிள்ளையே இல்லை" என்று கைவிடவும் வேண்டாம். சட்டத்தரணியையும் தேடுவோம், சிகிச்சையையும் தேடுவோம்.

ஆசிரியர்களாக நாங்கள் வகுப்பறையில் நின்று பார்க்கிறோம். பின்வரிசையில் தூங்கி வழியும் பிள்ளையை நாயின் மூக்கு கண்டுபிடிக்கும் முன்பே தாயின் கண் கண்டுபிடித்துவிடலாம். நாய் வருவது கடைசிக் கட்டம். அது வரும் நாளில் நியாயமாக நடக்க வேண்டும் என்றால் பேச வேண்டியதை இப்போதே பேச வேண்டும்.

அபிவிருத்திச் சங்கமும் பள்ளி நிர்வாகமும் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியோடு ஒரு தடவை உட்கார்ந்தால் இதில் பாதி முடிந்துவிடும். அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள். நாங்களும் கேட்போம்.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.