மூன்று முறை போகட்டும் என்று யார் சொன்னது?

கரு கலைந்த பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒரு தீர்ப்பையும் கொண்டுவருகிறார்கள். "தங்கினதே பெரிய விஷயம்டி, குறை ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சு போச்சு. ஆறு மாசம் உடம்பைத் தேத்திக்கோ, அப்புறம் தானா நிக்கும். மூணு தடவை போனாத்தான் டாக்டரே பார்ப்பாங்களாம். இப்பவே போனா ஊசி, டெஸ்ட் டியூப்னு இழுத்து விட்டுடுவாங்க." அன்பில் சொல்வதுதான். சில டாக்டர்களே இதில் பாதியைச் சொல்லி அனுப்புகிறார்கள். ஆனாலும் இதை நம்பி உட்கார்ந்தவர்களில் சிலருக்கு வருடங்கள் வீணாகின்றன என்பதால், ஒவ்வொரு வாக்கியமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"தங்கியதே, குறை இல்லை." இதில் பாதி உண்மை. கரு தங்கியது என்றால் அந்த மாதம் முட்டை வெளிவந்தது, குழாய் வழிவிட்டது, விந்தணு போய்ச் சேர்ந்தது. அவ்வளவு வரை நல்ல சேதி. முதல் மூன்று மாதத்தில் கலைவதில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறால் நேர்கிறது. முட்டையோ விந்தணுவோ உருவானபோது, அல்லது இரண்டும் சேர்ந்தபோது விழுந்த பிசகு அது. பப்பாளி தின்றதாலோ, ஸ்கூட்டரில் போனதாலோ, குடம் தூக்கியதாலோ வந்ததல்ல. உலக அளவில் நூறு கர்ப்பங்களில் சுமார் 15 இப்படிக் கலைகின்றன என்று 2021-இல் லான்செட் இதழ் கணக்கிட்டது. ஆகவே 27 வயதுப் பெண்ணுக்கு முதல் முறையாக ஏழாவது வாரத்தில் கலைந்திருந்தால், பெரிய பரிசோதனைகள் தேவையில்லை என்பதே என் கட்சியும்.

ஆனால் தங்குவதற்கு எத்தனை மாதம் ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லையே. இரண்டு வருடம் காத்திருந்து நின்ற கரு கலைந்தால், அது குறையில்லை என்பதற்கான சர்டிபிகேட் ஆகாது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு பெண் 36 வயதில் குழந்தைக்கு முயற்சி தொடங்குகிறாள். 8 மாதம் கழித்து நாள் தள்ளுகிறது. இரண்டு மாதத்தில் துடிப்பு நிற்கிறது. பிறகு 6 மாதம் 'உடம்பு தேற'. அதன் பின், கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, 'ஒரு வருஷம் பாருங்க'. ஆக 28 மாதம். டாக்டர் அறைக்குள் அவள் நுழையும்போது 38 தாண்டியிருக்கும். 35-க்குக் கீழே ஒரு வருடம், 35-ஐத் தாண்டினால் 6 மாதம், 40 என்றால் உடனே என்பதுதான் கருத்தரிப்பு மருத்துவத்தின் பொது அளவுகோல். கலைந்ததற்கு முன்னால் முயன்ற மாதங்களை இந்தக் கணக்கிலிருந்து அழித்துவிட எந்த நியாயமும் இல்லை. வயது அந்த மாதங்களையும் சேர்த்துத்தான் எண்ணுகிறது. நார்வே நாட்டின் கர்ப்பப் பதிவுகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வில், இருபதுகளின் பிற்பாதியில் கலையும் வாய்ப்பு பத்தில் ஒன்று. 45-ஐத் தாண்டியவர்களுக்குப் பாதிக்கும் மேல்.

"ஆறு மாசம் உடம்பைத் தேத்திக்கோ." இது பாட்டி வைத்தியம் என்று நினைத்தால் தவறு. 2005-இல் உலக சுகாதார நிறுவனமே, கரு கலைந்தபின் குறைந்தது 6 மாதம் இடைவெளி விடச் சொன்னது. லத்தீன் அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகள்தான் அதற்கு முக்கிய ஆதாரம். பிறகு வந்த ஆய்வுகள் அதற்கு ஒத்துப்போகவில்லை. 2010-இல் ஸ்காட்லாந்தில் முப்பதாயிரம் பெண்களின் பதிவுகளைப் பார்த்தபோது, 6 மாதத்துக்குள் மீண்டும் கருவுற்றவர்களுக்கே அடுத்த கர்ப்பம் நன்றாக அமைந்திருந்தது. 2016-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று, மூன்று மாதத்துக்குள் முயற்சி தொடங்கிய தம்பதிகள் பின்தங்கவில்லை, முந்தியே இருந்தார்கள் என்றது. 2022-இல் நார்வேயிலிருந்து வந்த ஆய்வும் சீக்கிரம் கருவுறுவதில் ஆபத்துக் கூடுவதாகக் காணவில்லை. கலைந்து இரண்டு வாரத்திலேயே அடுத்த முட்டை வெளிவரக்கூடும்.

காத்திருக்க வேண்டியவர்கள் உண்டு. முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்று சொல்லப்பட்டவர்கள், டாக்டர் ரத்தப் பரிசோதனையைத் தொடர்ந்து பார்த்து 'சரி' என்று சொல்லும்வரை கருவுறக் கூடாது. குழாயில் தங்கிய கருவுக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டுக்கொண்டவர்கள் குறைந்தது மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ரத்தம் நிறையப் போய் ஹீமோகுளோபின் இறங்கியவர்கள், நோய்த்தொற்று கண்டவர்கள், ஐந்தாறு மாதத்தில் இழந்தவர்கள் டாக்டர் சொல்லும் கெடுவைக் கேட்க வேண்டும். மனசு ஆறவில்லை என்பவர்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். (வேலைக்குப் போகிற பெண்ணுக்குக் கருச்சிதைவுக்கென்று 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு நம் மகப்பேறு சட்டத்திலேயே இருக்கிறது. காரணம் சொல்லக் கூசி, காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்து மூன்றாம் நாள் வேலைக்குப் போகிறவர்களே அதிகம்.)

"மூணு தடவை போனாத்தான்." இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1938-இல் மால்பாஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஒரு கணக்குப் போட்டார்: தொடர்ந்து மூன்று முறை கலைந்தவளுக்கு நான்காவதும் கலையும் வாய்ப்பு 73 சதவீதம் என்று. நோயாளிகளைப் பின்தொடர்ந்து கண்டதல்ல, காகிதத்தில் போட்ட கணக்கு. 1964-இல் மாண்ட்ரியலில் வார்பர்ட்டனும் ஃப்ரேசரும் நிஜக் குடும்பங்களின் பிரசவ வரலாற்றைத் திரட்டியபோது, ஒரு முறை கலைந்தபின் அடுத்தது கலையும் வாய்ப்பு கால் பங்கு. மூன்று கலைந்த பின்னும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. அதாவது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பெரிய பள்ளம் ஏதும் இல்லை. ஆனாலும் மூன்று என்ற எண் பாடப்புத்தகத்தில் தங்கிவிட்டது, அங்கிருந்து அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.க்கும் நம் திண்ணைக்கும் வந்துவிட்டது.

இன்று ஐரோப்பாவின் எஷ்ரே, அமெரிக்காவின் ஏ.எஸ்.ஆர்.எம். என்ற கருத்தரிப்பு மருத்துவ அமைப்புகள் இரண்டு இழப்பிலேயே பரிசோதிக்கச் சொல்கின்றன. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் காலேஜ் தன் 2023 வழிகாட்டுதலிலும் மூன்றைத்தான் வைத்திருக்கிறது. சந்தேகத்துக்கு இடமிருந்தால் இரண்டிலேயே பார்க்கலாம் என்று டாக்டரின் கையில் விட்டிருக்கிறது. லான்செட் கட்டுரைத் தொடர் சொன்ன படிநிலை எனக்கு இன்னும் நியாயமாகப் படுகிறது: முதல் இழப்புக்குப் பின் விளக்கமும் உடல்நலப் பார்வையும், இரண்டாவதுக்குப் பின் ரத்தப் பரிசோதனையும் அடுத்த கர்ப்பத்தில் சீக்கிர ஸ்கேனும், மூன்றாவதுக்குப் பின் முழுப் பரிசோதனை. வெறுங்கையோடு யாரையும் திருப்பி அனுப்பாத ஏற்பாடு.

சீக்கிரம் பார்ப்பதால் என்ன லாபம்? ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற கோளாற்றை எடுத்துக்கொள்வோம். ரத்தம் உறையும் போக்கை மாற்றி, நச்சுக்கொடியைப் பாதித்துக் கருவை இழக்கவைப்பது. ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் சேர்ந்து நன்றாக வேலை செய்கிற அபூர்வமான இடம் இது. ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனையில் இதை உறுதி செய்ய முடியாது; 12 வாரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் செல்லும். இரண்டாவது இழப்புக்குப் பிறகே எடுத்திருந்தால் அந்த 12 வாரம் எப்போதோ கழிந்திருக்கும். மூன்றாவதுக்காகக் காத்திருந்தவளோ இன்னொரு கருவையும் இழந்த பிறகுதான் முதல் ஊசிக்குக் கை நீட்டுகிறாள். தைராய்டும் சர்க்கரையும் இதைவிட எளிது, ஒரே காலையில் தெரிந்துவிடும்.

எண்ணிக்கையைவிட எந்த வாரம் என்பது பெரிது. துணிக்கடைப் பையில் வைத்துக் கொண்டுவரும் ரிப்போர்ட்டுகளில் டாக்டரின் கண் முதலில் தேடுவது அதைத்தான்: வெறும் பையாகவே இருந்ததா, துடிப்பு வந்து நின்றதா, எத்தனாவது வாரம்? டிஸ்சார்ஜ் காகிதத்தில் 'டி அண்ட் சி செய்யப்பட்டது' என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ஸ்கேன் காகிதத்தைத் தூர எறியாதீர்கள். 10 வாரத்தைத் தாண்டி நல்ல துடிப்போடு வளர்ந்த கரு நின்றுபோனாலோ, ஐந்தாம் மாதத்தில் வலியில்லாமல் கர்ப்பப்பை வாய் திறந்து வெளியேறினாலோ, அந்த ஒரு முறையே போதும், காரணம் தேட வேண்டும். சுத்தம் செய்தபின் மாதவிலக்கு சொட்டுச் சொட்டாகக் குறைந்துவிட்டால் கர்ப்பப்பைக்குள் தழும்பு ஒட்டியிருக்கலாம். நம் நாட்டில் கர்ப்பப்பைக் காசநோயையும் நினைக்க வேண்டும். இதற்கெல்லாம் இரண்டாவது முறை, மூன்றாவது முறை என்ற பேச்சே கிடையாது.

"போனா இழுத்து விட்டுடுவாங்க." இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் இதை லேசாகத் தள்ள முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே குழந்தை படம் போட்ட போர்டுகள் பெருகிவிட்டன. கலைந்தது என்றாலே புரோஜெஸ்டிரோன், ஹெப்பாரின், ஏ.எம்.எச்., அடுத்து ஐ.வி.எஃப். என்று சீட்டு எழுதுகிற இடங்கள் உண்டு. ஆதாரம் சொல்வது வேறு. காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கலைந்தவர்களுக்கு எல்லாம் புரோஜெஸ்டிரோன் கொடுத்ததில் பலன் நிரூபணமாகவில்லை (பிராமிஸ் ஆய்வு, 2015). முன்பு கலைந்து, இப்போதைய கர்ப்பத்தில் உதிரப்போக்கும் கண்டவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது (பிரிசம் ஆய்வு, 2019). பரம்பரையாக ரத்தம் உறையும் தன்மை உள்ளவர்களுக்கு ஹெப்பாரின் உதவவில்லை என்று 2023-இல் முடிந்த அலைஃப்-2 ஆய்வு காட்டியது. முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். குறைவாக இருந்தாலும் இயல்பாகக் கருவுறும் வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை என்கிறது 2017 அமெரிக்க ஆய்வு. ஐ.வி.எஃப். செய்தாலும் முட்டை அதே பெண்ணின் அதே வயது முட்டைதான், அதுவும் கலையும். கருவுறுவதே சிக்கல் என்றால் அது வழி. தங்கிய கரு கலைவதுதான் சிக்கல் என்றால் பெரும்பாலும் அது பதிலல்ல.

ஆனால் இதெல்லாம் எந்த இடத்துக்குப் போவது, என்ன கேட்பது என்பதற்கான காரணங்கள். போகாமலே இருப்பதற்கு அல்ல. முதலில் மகப்பேறு மருத்துவரிடம் போய் உட்கார்ந்து பேசினாலே போதும். எழுதித் தரும் ஒவ்வொன்றுக்கும் "இது எதற்கு? இதில் ஏதாவது வந்தால் சிகிச்சை மாறுமா?" என்று கேளுங்கள். மாறாது என்றால் அந்தப் பரிசோதனையை விட்டுவிடலாம். ஆர்.எச். நெகட்டிவ் ரத்தம் உள்ளவர்கள் ஒன்றை மட்டும் தள்ளிப்போட முடியாது: ஆன்டி-டி ஊசி தேவையா என்று கலைந்த 72 மணி நேரத்துக்குள் கேட்டுவிட வேண்டும்.

தீர்ப்பில் சொல்லாமலே விட்ட ஒரு வாக்கியமும் இருக்கிறது. இத்தனை பேச்சும் அவள் உடம்பைப் பற்றியது; அவன் எங்கே? திரும்பத் திரும்பக் கலையும் தம்பதிகளில் சிறு பங்கினருக்கு, கணவனோ மனைவியோ தன் குரோமோசோமின் ஒரு துண்டை இடம்மாற்றி வைத்திருப்பது காரணமாக இருக்கிறது. வெளிப்பார்வைக்கு அவர்கள் முழு ஆரோக்கியம்தான். கருவுறவே தாமதமாகிறது என்றால் விந்துப் பரிசோதனைதான் முதலில் செய்ய வேண்டியது, மலிவானதும்கூட. சிகரெட்டின் பாதிப்பு விந்தணு வரை போகிறது. ஆனால் ஓ.பி. பெஞ்சில் பெண்ணோடு உட்கார்ந்திருப்பது மாமியாரும் அம்மாவும்தான். கணவர் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் போன் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த முறை அவரையும் மேலே வரச் சொல்லுங்கள். டாக்டர் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.