யாருடைய சொல்?

எழுத்தறியாத முதியோரை வெற்றுச் சிலேட்டு என்று எண்ணுவோர் இருக்கின்றனர், தோழர்களே! அதன்மேல் அரிச்சுவடியைத் தீட்டிவிட்டால் கல்வி வந்துவிடுமாம். சிலேட்டு போய்க் கைப்பேசிச் செயலி வந்திருக்கிறது; எண்ணம் மட்டும் போகவில்லை.

முப்பது ஆண்டு சித்தாள் வேலை பார்த்தவள், வாரக் கூலியிலே மேஸ்திரி பிடித்துக்கொண்ட காசை மனக்கணக்கிலேயே கண்டுபிடிப்பவள், வெற்றுச் சிலேட்டா? தெரிந்ததன்மேல் தெரியாததை அடுக்கித் தன் அறிவைத் தானே கட்டுகிறாள் அவள். ஆசிரியர் சாரம் கட்டித் தரலாம், சுவர் அவளுடையது.

இதைச் செய்து காட்டியவர் பிரேசில் நாட்டுப் பாவ்லோ பிரெய்ரே. 1963இல், அந்நாட்டின் வறண்ட வடகிழக்கிலே, ஆங்கிக்கோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 300 பாட்டாளிகளுக்கு 40 மணி நேரப் பாடம் நடந்தது. அவரது வகுப்புகளுக்குப் படங்காட்டும் கருவி போலந்திலிருந்து வந்தது. ஆங்கிக்கோஸ் செலவுக்கோ அமெரிக்க உதவிப் பணம்! பனிப்போர்க் காலத்தின் வேடிக்கை அது.

முதலில் மக்களின் வாழ்விலிருந்தே சொற்களைத் திரட்டினார்கள். பிறகு படம், படத்தைப் பற்றிப் பேச்சு, அதன் பின்னரே எழுத்து. அவர் முறைக்குச் சான்றாக இன்றும் சொல்லப்படுவது 'திஜோலோ' என்ற சொல். போர்த்துக்கீசிய மொழியிலே செங்கல் என்று பொருள். அதன் மூன்று அசைகளையும் தா-தே-தீ, ஜா-ஜே-ஜீ, லா-லே-லீ என்று விரித்துச் சுவரிலே காட்டுவார்கள். அவற்றைச் சேர்த்துப் புதுச் சொல் ஆக்குவது மாணவர் வேலை. 'லூ'வையும் 'தா'வையும் சேர்த்தால் 'லூத்தா'. பொருள் என்ன தெரியுமா? போராட்டம்!

எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு அந்நாட்டில் அன்று வாக்குரிமை கிடையாது, 1985இல்தான் கிடைத்தது. ஆகவே ஒருவர் எழுத்தறிந்தால் ஒரு வாக்குக் கூடிற்று. ஆதிக்கக்காரர் பொறுப்பரோ? 1964இல் இராணுவம் ஆட்சியைப் பறித்தது. நாடு முழுதும் விரியவிருந்த எழுத்தறிவுத் திட்டம் நிறுத்தப்பட்டது. பிரெய்ரே சுமார் 70 நாள் சிறையிலிருந்து, பின் நாடு கடந்து வாழ நேர்ந்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் நாம் கருதத்தக்கது. அதே இராணுவ ஆட்சி, 'மோப்ரால்' என்ற பெயரில் முதியோர் எழுத்தறிவு இயக்கம் ஒன்றைத் தானே நடத்திற்று. படமும் இருந்தது, சொல்லைப் பிரித்து அசை சேர்க்கும் முறையும் இருந்தது. ஆனால் சொற்களைத் தேர்ந்தது தலைமையிடம்! கூலி ஏன் குறைவு, நிலம் யாருடையது என்று கேட்பதற்கு அங்கே இடமில்லை.

"எழுத்து எழுத்துதானே, யார் சொல்லாயிருந்தால் என்ன?" என்பர் சிலர். ஆசிரியர் எட்டாத ஊருக்கும் செயலி எட்டும் என்பர். எட்டட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? பேசியதை எழுத்தாக்கிக் காட்டும் திறன் இன்றைய கைப்பேசியிலேயே இருக்கிறதே! பெண்ணொருத்தி தன் வாயால் 'வட்டி' என்கிறாள். அச்சொல் திரையிலே தோன்றுகிறது. அதிலிருந்தே 'ட'வும் 'டி'யும் கற்கிறாள். பிரெய்ரேக்கு வாய்க்காத வசதி இது. இதை விட்டுவிட்டு, பேரன் பேத்தி கண்டவளிடம் அணிலையும் ஆட்டையும் காட்டி, சரியாகத் தொட்டால் கைதட்டும் ஓசை எழுப்புகிறார்கள்!

இரவுப் பள்ளி நடத்தும் தோழர்களே, செயலி விற்க வருவோரிடம் ஒன்று கேளுங்கள்: எங்கள் ஊரார் சொல்லும் சொல்லை அதிலே பாடமாக ஏற்ற முடியுமா, முடியாதா?