படத்தோடு சேரவேண்டிய பெயர்

கோவையை அடுத்த பேரூர் பட்டீசுவரர் கோயிலின் கனகசபை மண்டபத்தில் ஊர்த்துவ தாண்டவச் சிலை ஒன்று இருக்கிறது. ஒற்றைக் காலைத் தலைக்குமேல் தூக்கிய அந்த உடலில் கல்லின் பாரமே தெரியாது. கணத்தில் ஓடி மறையும் ஆட்டத்தைக் கீழே விழாமல் நிறுத்திவைக்க நாயக்கர் காலச் சிற்பி பட்ட பாடு அது. தண்ணீருக்கடியில் நடனக் கலைஞர்களைப் படமெடுக்கும் இன்றைய கலையும் அதே ஆசையில் பிறந்ததுதான்.

இந்தக் கலைக்கு வயது அதிகமில்லை. 1893-இல் பிரான்சின் பான்யூல்ஸ் கடலில் லூயி பூத்தான் என்ற உயிரியல் அறிஞர் கேமராவைத் தண்ணீருக்குள் இறக்கினார். படக்கலையில் கோவையும் பின்தங்கவில்லை. அடுத்த பன்னிரண்டாம் ஆண்டில், கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கொண்டுபோனார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். 1938 முதல் அமெரிக்காவின் புளோரிடாவில், சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற தெளிந்த ஊற்றுக்குள் பெண்களை நிறுத்திப் படமெடுத்தார் புரூஸ் மோசர்ட். 1944-இல் நடிகை எஸ்தர் வில்லியம்ஸின் நீர் நடனத்தை ஹாலிவுட் திரையில் காட்டியது. அதே ஆண்டு தீபாவளிக்கு, கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவான 'ஹரிதாஸ்' படம் வெளிவந்தது. அதில் டி. ஆர். ராஜகுமாரியின் ஆட்டத்தைத் தமிழகம் கண்கொட்டாமல் பார்த்தது.

தண்ணீருக்குள் ஆடுவது தரையில் ஆடுவதைப் போலன்று. மூச்சை நிறைய இழுத்துக்கொண்டால் உடல் மேலே எழும்பிவிடும். காற்றை வெளியே விட்டால்தான் உள்ளே தங்கும். ஆகவே, ஆடுபவர் தேவைக்கும் குறைவான காற்றோடுதான் ஆடுகிறார். கண்ணாடி அணியாமல் விழிகளைத் திறந்துவைக்க வேண்டும். குளோரின் எரிச்சலும் மூக்கில் ஏறும் நீரும் முகத்தில் தெரியக் கூடாது. நனைந்த சேலை கால்களைச் சுற்றிக்கொள்ளும். படமெடுப்பவருக்கும் சிக்கல் உண்டு: ஆழம் போகப் போக முதலில் சிவப்புதான் மங்கும், குங்குமமும் மருதாணியும் கறுத்துப்போகும். அதனால் அவர் விளக்கோடு மிக அருகில் போகிறார். ஆனால் அவர் முதுகில் பெரும்பாலும் காற்று உருளை இருக்கும். எதிரே ஆடுபவருக்கு அது இல்லை.

அரைமண்டியில் அமர்ந்து தரையைத் தட்டும் பரத அடவு தண்ணீருக்குள் செல்லாது, சலங்கை தெளிவாகக் கேட்காது. கையும் கண்ணும் முதுகின் வளைவும் மட்டுமே மிஞ்சும். அண்மையில் ராமேஸ்வரம் கடலுக்கடியில் ஒரு சிறுமி பரதம் ஆடி, கடல் மாசைப் பற்றி ஊரைப் பேசவைத்தாள். உடல் மொழி மட்டுமே போதும் என்று அவள் காட்டினாள்.

கொங்கு நாட்டுக்கு இந்தக் கலையில் தனிப் பங்கு உண்டு என்று நம்புகிறேன். முதுகில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்குடுவை) கட்டித் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகிய மண் இது. வள்ளி ஒயில் கும்மி என்ற நாட்டுப்புற ஆட்டத்தைக் காத்து, பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்த காரமடைப் பகுதிப் பெரியவர் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நீச்சலும் ஆட்டமும் தெரிந்த பிள்ளைகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

ஆனால் ஒரு பழைய தவறை நாம் மறுபடி செய்யக் கூடாது. பேரூர்த் தாண்டவச் சிலையின் அசைவை எந்த ஆடற்கலைஞரைப் பார்த்துச் சிற்பி மனத்தில் வாங்கினார் என்று நாம் கேட்பதேயில்லை. பழைய படங்களில் நாயகிக்குப் பின்னே வரிசையாக ஆடிய பெண்கள் பலரை நாம் முகமாக மட்டுமே அறிவோம். தண்ணீருக்கடியில் எடுத்த படமும் பெரும்பாலும் எடுத்தவர் பெயரில்தான் சுற்றுகிறது. அதில் பாதி, மூச்சடக்கி ஆடியவரின் ஆக்கம். 2018-இல் ஜூலி கோத்தியே என்ற பிரெஞ்சுக் கலைஞர், இத்தாலியின் ஆழ்நீர்க் குளம் ஒன்றில் தானே ஆடி, தானே இயக்கி 'ஆமா' என்ற குறும்படத்தைத் தந்தார். ஆடுபவர் வெறும் உருவமல்லர், படைப்பாளி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆபத்தும் ஆடுபவருக்கே அதிகம். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு நெடுநேரம் அடக்கினால், தண்ணீருக்குள் முன்னறிவிப்பின்றி நினைவு தப்பும். கைக்கெட்டும் தூரத்தில் பயிற்சி பெற்ற காப்பாளர் இல்லாமல் எந்தப் படப்பிடிப்பும் நடக்கக் கூடாது. அழகுக்காக இந்த விதியைத் தளர்த்துவது குற்றம்.

கோவையில் இந்தக் கலையில் இறங்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆடுபவருக்குக் கூலியையும் பாதுகாப்பையும் முதலில் உறுதிசெய்யுங்கள். எந்தப் படத்தை வெளியிட்டாலும், எடுத்தவர் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், ஆடியவர் பெயரையும் போடுங்கள்.